பாசிசமும் கலையும்: கல்லின் விலை

1933ஆம் ஆண்டு அக்டோபர் 15. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஓர் அடிக்கல் நாட்டு விழா. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இன்னும் ஒன்பது மாதங்கள்கூட ஆகவில்லை. நாட்டில் லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் புதிய ஆட்சி கட்டத் தொடங்கிய முதல் பிரம்மாண்டமான கட்டிடம் எது தெரியுமா? தொழிற்சாலை இல்லை, மருத்துவமனை இல்லை. ஓவியங்களையும் சிற்பங்களையும் வைப்பதற்கான ஒரு கலைக்கூடம்! அதன் பெயர் 'ஜெர்மன் கலை இல்லம்'.

அடிக்கல்லைத் தட்டுவதற்கென்றே அழகான ஒரு வெள்ளிச் சுத்தியல் செய்து வைத்திருந்தார்கள். ஹிட்லர் ஓங்கித் தட்டினார். சுத்தியல் உடைந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து, 1934 ஜனவரியில், அந்தக் கட்டிடத்தை வடிவமைத்த பால் லுட்விக் ட்ரூஸ்ட் இறந்துபோனார். சுத்தியல் உடைந்தபோதே அது அபசகுனம் என்று தனக்குத் தோன்றியதாக ஹிட்லர் சொன்னாராம். ட்ரூஸ்டுக்குப் பிறகு ஹிட்லரின் பிரதான கட்டிடக் கலைஞரான ஆல்பர்ட் ஸ்பீர் இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

சகுனம் இருக்கட்டும். போலீஸ், ராணுவம், சிறை என்று எல்லா அதிகாரமும் கையில் உள்ள ஒரு சர்வாதிகாரிக்கு ஓவியத்தின் மீதும் கல்லின் மீதும் ஏன் இத்தனை அக்கறை? இந்தக் கலைக்கும் கட்டிடங்களுக்கும் ஆன செலவு எவ்வளவு, அதை யார் கொடுத்தார்கள்?

தோற்றுப்போன ஓவியனின் கோபமா?

பொதுவாகச் சொல்லப்படும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹிட்லர் இளமையில் ஓவியராக ஆசைப்பட்டார். வியன்னா நுண்கலைக் கல்லூரியில் சேர 1907இலும் 1908இலும் முயன்றார். இரண்டு முறையும் இடம் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தைத்தான் பின்னாளில் நவீன ஓவியர்கள் மீது காட்டினார் என்பார்கள்.

இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இது மட்டும் போதாது. இத்தாலியின் முசோலினி ஓவியர் இல்லை, எந்தக் கல்லூரியும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. அவரும்தான் ஊர் ஊராகக் கட்டித் தள்ளினார். ஸ்பெயினின் பிராங்கோ ஒரு ராணுவ அதிகாரி. அவர் மலையைக் குடைந்து தேவாலயம் கட்டி, அதன்மேல் 150 மீட்டர் உயரச் சிலுவையை நிறுத்தினார். ஆக, காரணம் ஒரு மனிதரின் மனக்குறையை விடப் பெரியது.

பாசிசம் மக்களிடம் வாதம் செய்து சம்மதம் கேட்பதில்லை. அதற்குத் தேவை சிலிர்ப்பு. ஒரு பெரிய மைதானத்தில் லட்சம் பேரோடு லட்சமாக நிற்கிறவனுக்கு யோசிக்கத் தோன்றாது, கூடவே கோஷம் போடத்தான் தோன்றும். அந்த உணர்ச்சியை உண்டாக்க மேடை வேண்டும், கொடி வேண்டும், விளக்கு வேண்டும், சிலை வேண்டும். கலை அந்த ஆட்சிகளுக்கு ஓர் அலங்காரப் பொருளாக இருக்கவில்லை. ஆட்சி நடத்தும் கருவிகளில் ஒன்றாக இருந்தது.

ஆகவே கருவியை யார் கையில் கொடுப்பது என்பதில் கவனமாக இருந்தார்கள். 1933 செப்டம்பரில் கோயபல்ஸ் தலைமையில் கலாசார மன்றம் ஒன்று சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது. ஓவியர், சிற்பி, கட்டிடக் கலைஞர், இசைக் கலைஞர், எழுத்தாளர், நடிகர் என யாராக இருந்தாலும் இதில் உறுப்பினராக இருந்தால்தான் தொழில் செய்ய முடியும். யூதர்களும் எதிர்க்கருத்து உள்ளவர்களும் வெளியே தள்ளப்பட்டார்கள். ஒருவரை அடிக்கக்கூட வேண்டியதில்லை. உறுப்பினர் அட்டையைப் பிடுங்கினால் போதும், அவர் பிழைப்பு போய்விடும்.

1936 நவம்பரில் இன்னொரு உத்தரவு வந்தது. கலை விமர்சனத்துக்கே தடை! பத்திரிகைகள் கலை நிகழ்ச்சிகளைப் பற்றிச் 'செய்தி' எழுதலாம், நல்லது கெட்டது சொல்லக்கூடாது. அரசாங்கம் எதைக் கலை என்று காட்டுகிறதோ அதைக் கலை என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஒரே ஊரில் இரண்டு கண்காட்சிகள்

உடைந்த சுத்தியலோடு தொடங்கிய கலை இல்லம் 1937 ஜூலை 18 அன்று திறக்கப்பட்டது. முதல் கண்காட்சியின் பெயர் 'மாபெரும் ஜெர்மன் கலைக் கண்காட்சி'. எந்தப் படம் இருக்கலாம், எது கூடாது என்பதில் கடைசி வார்த்தை ஹிட்லருடையது. உள்ளே இயற்கைக் காட்சிகள், ஏர் பிடிக்கும் உழவர்கள், குழந்தையை ஏந்திய தாய்மார்கள், கிரேக்கச் சிலைகளைப் போன்ற கட்டுமஸ்தான உடல்கள். தொழிற்சாலைகள் இரவு பகலாகப் போர்த் தளவாடங்கள் செய்துகொண்டிருந்த நாட்டில், ஓவியத்தில் மட்டும் அமைதியான கிராமம்!

மறுநாள், ஜூலை 19. சற்றுத் தள்ளி, பழைய கட்டிடம் ஒன்றில் வேறொரு கண்காட்சி. 'சீரழிந்த கலை' என்று பெயர். ஜெர்மனியின் அரசு மியூசியங்களில் இருந்து பறித்து வந்த சுமார் 650 படைப்புகளைக் குறுகலான அறைகளில் நெருக்கியடித்து, சிலவற்றைக் கோணலாகவும் மாட்டி வைத்தார்கள். சுவர்களில் கேலி வாசகங்கள். 112 கலைஞர்களின் படைப்புகள் அதில் இருந்தன. 'யூதச் சதி' என்று சுவரில் எழுதினார்களே தவிர, அந்த 112 பேரில் ஆறு பேர்தான் யூதர்கள்.

இந்தக் கண்காட்சியில் நடந்த ஒரு சின்னத் தந்திரத்தை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. பல படங்களின் பக்கத்தில், மியூசியம் அதை என்ன விலைக்கு வாங்கியது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். உழைக்கும் மக்களின் வரிப்பணத்தில் வாங்கியது என்ற குறிப்பும் இருந்தது. விலையைப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. இந்தக் கிறுக்கலுக்கா இத்தனை ஆயிரம் மார்க்?

ஆனால் அந்தப் படங்களில் பல 1920களின் தொடக்கத்தில், பணவீக்கக் காலத்தில் வாங்கப்பட்டவை. 1923 நவம்பரில் ஒரு டாலர் வாங்க 4.2 லட்சம் கோடி மார்க் தேவைப்பட்டது. ஒரு ரொட்டியின் விலையே கோடிக்கணக்கில் இருந்த காலம் அது. அந்தக் காகித மார்க் விலையை 1937இன் மார்க் போல அப்படியே எழுதி வைத்துவிட்டார்கள். எண் பொய் இல்லை. ஆனால் எந்த வருடத்துப் பணம் என்பதை மட்டும் சொல்லவில்லை. கோபத்தைக் கிளப்ப அது போதுமானதாக இருந்தது.

நவம்பர் இறுதிக்குள் மியூனிக்கில் மட்டும் 20 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தக் கண்காட்சியைப் பார்த்தார்கள். அரசு கொண்டாடிய கலை இல்லத்துக் கண்காட்சிக்கு வந்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. கேலி செய்ய வந்தவர்கள் எத்தனை பேர், இந்தப் படங்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை.

கலைஞர்களுக்கு என்ன ஆனது? கண்காட்சிக் கையேட்டின் அட்டையில் ஓட்டோ பிராய்ண்ட்லிக் செய்த ஒரு தலைச் சிற்பத்தின் படத்தைப் போட்டு இழிவுபடுத்தினார்கள். யூதரான அவர் பிரான்சில் பிடிபட்டு, 1943இல் போலந்தில் இருந்த நாஜி முகாம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டு இறந்தார். எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ச்னரின் 600க்கும் மேற்பட்ட படைப்புகள் பறிபோயின. 1938 ஜூனில் அவர் சுவிட்சர்லாந்தில் தற்கொலை செய்துகொண்டார்.

எமில் நோல்டேயின் கதை வேறு மாதிரி. அவர் நாஜிக் கட்சிக்காரர், யூத வெறுப்பைக் கடிதங்களில் எழுதியவர். தன் ஓவியம்தான் உண்மையான ஜெர்மன் கலை என்று நம்பியவர். அவரிடமும் கருணை காட்டவில்லை. மியூசியங்களில் இருந்து அகற்றப்பட்ட அவருடைய படைப்புகள் 1,052! 1941இல் தொழில் செய்யவும் தடை வந்தது. கட்சிக்கு விசுவாசம் இருந்தும் அவருடைய தூரிகை தப்பவில்லை.

திட்டிக்கொண்டே விற்றார்கள்

மியூசியங்களில் இருந்து பறித்தவை மொத்தம் சுமார் 20,000 படைப்புகள். 1938 மே 31 அன்று ஒரு சட்டம் போட்டு, நஷ்டஈடு எதுவும் இல்லாமல் அவற்றை அரசின் சொத்தாக்கினார்கள். அடுத்து என்ன? விஷம் என்று சொல்லிவிட்டால் அழித்துவிட வேண்டியதுதானே? ஆனால் வெளிநாட்டில் அதற்கு விலை இருந்தது. போருக்குத் தயாராகும் அரசுக்கு அன்னியச் செலாவணி தேவைப்பட்டது.

1939 ஜூன் 30 அன்று சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில், பிஷர் ஏல நிறுவனத்தில் 125 படைப்புகள் ஏலத்துக்கு வந்தன. வான்கோ, பிக்காசோ, மத்தீஸ், கோகன் எல்லோரும் அதில் இருந்தார்கள். வான்கோவின் சுய உருவப்படம் ஒன்று 1,75,000 சுவிஸ் பிராங்குக்குப் போனது. இன்று அது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக மியூசியத்தில் இருக்கிறது. வாங்கினால் அந்தப் பணம் நாஜிகளுக்குப் போய்ச் சேருமே என்று சிலர் ஏலத்தைப் புறக்கணித்தார்கள். வாங்காவிட்டால் படங்கள் அழிந்துவிடுமே என்று சிலர் வாங்கினார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது.

இந்த விற்பனைக்கு அரசு சில கலை வியாபாரிகளை நியமித்திருந்தது. அவர்களில் ஒருவர் ஹில்டபிராண்ட் குர்லிட். நவீன ஓவியங்களை ஆதரித்ததற்காக மியூசியப் பதவியை இழந்தவர், யூதப் பாட்டிக்குப் பேரன். அவரே அந்த அரசின் முகவராகி, அதே நவீன ஓவியங்களை விற்றார். 2012இல் அவருடைய மகனின் மியூனிக் வீட்டைச் சோதனையிட்டபோது 1,200க்கும் மேற்பட்ட படைப்புகள் கிடைத்தன. 2013 நவம்பரில் செய்தி வெளியானபோது உலகமே திகைத்தது. பறித்த சொத்தின் கணக்கு 70 வருடங்கள் கழித்தும் முடியவில்லை!

மனிதனைச் சிறிதாக்கும் கட்டிடங்கள்

இனி கட்டிடங்களுக்கு வருவோம். நாஜிக் கட்டிடங்களின் படங்களைப் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது அளவு. நியூரம்பர்க் நகரில் கட்சி மாநாடுகளுக்காக ஸ்பீர் கட்டிய செப்பெலின் மைதானத்தின் மேடை 360 மீட்டர் நீளம். அந்த நீளத்தின் நடுவில், ஒரே ஒரு மனிதர் நின்று பேசுவதற்கு ஓர் இடம். கூட்டத்தில் நிற்கும் யாருடைய முகமும் தெரியாது. மேடையில் இருக்கும் ஒருவருடைய முகம் மட்டும்தான் கணக்கு. இரவுக் கூட்டங்களில் மைதானத்தைச் சுற்றி 130 விமானத் தேடல் விளக்குகளை வானத்தை நோக்கி எரியவிட்டார்கள். ஒளியால் ஆன தூண்களுக்கு நடுவே நிற்பது போன்ற மயக்கம்.

பெர்லினில் ஸ்பீர் கட்டிய புதிய பிரதமர் மாளிகை 1939 ஜனவரியில் தயாரானது. ஒரே வருடத்தில் கட்டி முடித்ததாகப் பெருமையடித்தார்கள். உண்மையில் திட்டமிடலும் நிலம் வாங்குவதும் சில ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன. வெளிநாட்டுத் தூதர்கள் முற்றம், மண்டபம், வட்ட அறை என்று ஒவ்வொன்றாகக் கடந்து 146 மீட்டர் நீளமுள்ள பளிங்குக் கூடத்துக்கு வர வேண்டும். இது பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் உள்ள கண்ணாடிக் கூடத்தைப் போல இரண்டு மடங்கு நீளம். வழவழப்பான தரையில் கம்பளம் விரிக்க வேண்டாம் என்று ஹிட்லர் சொல்லிவிட்டார். வழுக்கும் தரையில் நடந்து பழகுவது தூதர்களுக்கு நல்லது என்பது அவருடைய கருத்து.

1939 மார்ச் 14 இரவு இந்த மாளிகைக்கு வரவழைக்கப்பட்டவர் செக்கோஸ்லோவாகியாவின் அதிபர் எமில் ஹாகா. வயது 66, இதய நோயாளி. நள்ளிரவு தாண்டிய பிறகுதான் ஹிட்லர் அவரைச் சந்தித்தார். நாட்டை ஒப்படைக்காவிட்டால் பிராக் நகரின்மீது குண்டு விழும் என்று கோரிங் மிரட்டினார். ஹாகா மயங்கி விழுந்தார். ஊசி போட்டு எழுப்பினார்கள். விடிவதற்குள் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அவரை வீழ்த்தியது மிரட்டல்தான். ஆனால் அந்த மிரட்டலுக்கு ஏற்ற மேடையாக அந்த மாளிகை இருந்தது.

அடுத்த கனவு இன்னும் பெரியது. பெர்லினையே இடித்து 'ஜெர்மேனியா' என்ற உலகத் தலைநகராக மாற்றுவது! அதன் நடுவே 290 மீட்டர் உயரத்தில் 1,80,000 பேர் கூடும் குவிமாட மண்டபம். எதிரே 117 மீட்டர் உயர வெற்றி வளைவு. பெர்லினின் மண் இதையெல்லாம் தாங்குமா என்று பார்க்க 1941இல் 12,650 டன் எடையுள்ள ஒரு கான்கிரீட் உருளையைக் கட்டினார்கள். பிரெஞ்சுப் போர்க் கைதிகளும் அந்த வேலையில் ஈடுபடுத்தப்பட்டார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் உருளை சுமார் 19 சென்டிமீட்டர் மண்ணில் இறங்கியது. பக்கத்திலேயே வீடுகள் இருப்பதால் போருக்குப் பிறகு அதை வெடிவைத்துத் தகர்க்கவும் முடியவில்லை. ஜெர்மேனியாவின் அடையாளமாக இன்றும் அங்கேயே நிற்கிறது.

கல் எங்கிருந்து வந்தது?

இத்தனை கட்டிடத்துக்கும் கல் வேண்டுமே! உண்மையான கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

1938 ஏப்ரலில் ஹிம்லரின் எஸ்.எஸ். படை ஒரு கம்பெனியைத் தொடங்கியது. தொழில்: கல் உடைப்பதும் செங்கல் சுடுவதும். மூலதனம்: கைதிகள். அடுத்த மாதமே பவேரியாவின் பிளாசன்பர்க்கில் ஒரு வதைமுகாம். ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் மவுத்தாவுசெனில் இன்னொன்று. இந்த ஊர்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அங்கே இருந்த கிரானைட் குவாரிகள். கல் இருக்கும் இடத்துக்கு முகாம் போனது. பின்னர் வந்த குரோஸ்ரோசன், நாட்ஸ்வைலர் முகாம்களும் குவாரிகளை ஒட்டியே அமைந்தன. ஸ்பீரின் பெர்லின் கட்டுமான அலுவலகம் இந்தக் கம்பெனிக்கு முன்பணமே கொடுத்தது. பிற்காலத்தில் செங்கல்லாகவும் கல்லாகவும் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அதாவது கைதிகள் இனிமேல் உடைக்கப்போகும் கல்லுக்கு அட்வான்ஸ்!

மவுத்தாவுசென் குவாரியிலிருந்து மேலே ஏற 186 படிகள். கைதிகள் முதுகில் பாறையைச் சுமந்துகொண்டு வரிசையாக ஏற வேண்டும். ஒருவர் சரிந்தால் பின்னால் வருபவர்கள் மீது உருள்வார். 'மரணப் படிக்கட்டு' என்று அதற்குப் பெயர் வந்தது. போர் முடிவதற்குள் சுமார் 1,90,000 பேர் மவுத்தாவுசெனுக்கும் அதன் துணை முகாம்களுக்கும் கொண்டுவரப்பட்டார்கள். குறைந்தது 90,000 பேர் இறந்தார்கள். பிளாசன்பர்க்கில் இறந்தவர்கள் சுமார் 30,000 பேர்.

இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பெர்லின் திட்டத்துக்காக வீடுகளை இடித்தபோது, வீடு இழந்தவர்களுக்கு மாற்று வீடு தர வேண்டியிருந்தது. ஸ்பீரின் அலுவலகம் யூதர்களின் ஆயிரக்கணக்கான வீடுகளைப் பட்டியலிட்டுக் காலி செய்யவைத்தது. வெளியேற்றப்பட்ட யூதக் குடும்பங்கள் வேறு யூதர்களின் வீடுகளில் நெருக்கியடித்து அடைக்கப்பட்டன. 1941 அக்டோபரிலிருந்து பெர்லினில் இருந்து ரயில்கள் கிழக்கே கிளம்பின. நகர வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டால், அந்தக் கோட்டின் அடியில் இருந்த மனிதர்கள் இப்படித்தான் அழிக்கப்பட்டார்கள்.

நியூரம்பர்க் விசாரணையில் ஸ்பீருக்கு 20 வருடச் சிறை. 1966இல் வெளியே வந்தார். அரசியல் தெரியாத கலைஞன், எதுவும் அறியாதவன் என்று எழுதிப் புகழும் பணமும் சம்பாதித்தார். வீடு பறிப்பிலும் முகாம் ஏற்பாடுகளிலும் அவருக்கு இருந்த பங்கைப் பின்னர் ஆய்வாளர்கள் ஆவணங்களோடு வெளிக்கொண்டு வந்தார்கள்.

இத்தாலி மட்டும் வேறா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். முசோலினியின் இத்தாலியில் நவீன கலைக்குத் தடை இல்லையே?

உண்மைதான். 1922இல் ஆட்சியைப் பிடித்த முசோலினி ஒரே பாணியைத் திணிக்கவில்லை. கோமோ நகரில் ஜுசெப்பே தெரன்யி 1936இல் முடித்த கட்சி அலுவலகம் கண்ணாடியும் வெள்ளைச் சுவருமாக, 20ஆம் நூற்றாண்டின் சிறந்த நவீன கட்டிடங்களில் ஒன்றாக இன்றும் பாடமாக நடத்தப்படுகிறது. 1939இல் தொடங்கிய இரண்டு ஓவியப் பரிசுகளைப் பார்த்தாலும் இது புரியும். பரினாச்சி என்ற கட்சித் தலைவர் கிரெமோனாவில் நடத்திய போட்டியில் பிரசாரப் படங்களுக்குத்தான் இடம். அமைச்சர் பொத்தாய் பெர்கமோவில் நடத்திய போட்டியிலோ நவீன ஓவியர்களும் பரிசு வாங்கினார்கள்.

ஆகவே இத்தாலிய பாசிசம் மென்மையானது என்று சொல்வோர் உண்டு. ஆனால் அந்தச் சுதந்திரம் கயிறு கட்டிய சுதந்திரம். நவீனமாக வரையலாம், நவீனமாகக் கட்டலாம், ஆட்சியை மட்டும் கேள்வி கேட்கக்கூடாது. 1938இல் இனவாதச் சட்டங்கள் வந்தபோது, முசோலினியின் புகழை உலகெங்கும் பரப்பிய வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும், இத்தாலிய ஓவிய இயக்கம் ஒன்றை வளர்த்தவருமான மார்கரிட்டா சர்பாத்தியே நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அவர் யூதர்.

இரண்டு கட்டிடக் கலைஞர்களின் கதையைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். ஜுசெப்பே பகானோ பாசிஸ்டுக் கட்சியின் உறுப்பினர், புகழ்பெற்ற கட்டிடக் கலைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். ரோம் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் கட்டிடம் அவர் வடிவமைத்தது. பாசிசம் ஒரு புதிய உலகைக் கட்டும், அதற்கு நவீன வடிவம் தரலாம் என்று நம்பினார். ஜான் லுய்ஜி பான்பி இளைஞர். மிலானில் நண்பர்களோடு சேர்ந்து நடத்திய நிறுவனம் மூலம் முசோலினியின் புதிய நகர்ப்பகுதியான 'ஈயூர்' என்ற இடத்தில் தபால் நிலையத்தை வடிவமைத்தவர். இருவரும் ஒரு கட்டத்தில் கண் விழித்தார்கள். ஆட்சிக்கு எதிரான இயக்கத்தில் சேர்ந்தார்கள், பிடிபட்டார்கள். இருவரும் அனுப்பப்பட்ட இடம் மவுத்தாவுசென்! 1945 ஏப்ரலில், முகாம் விடுதலையாவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, இருவரும் அங்கே இறந்தார்கள். ஓர் ஆட்சிக்குக் கட்டிடம் வரைந்து கொடுத்த கைகள், அதன் கூட்டாளி ஆட்சியின் கல்குவாரி முகாமில் முடிந்தன.

பாணியின் மேல் பழி போடலாமா?

தூண் வைத்த பெரிய கட்டிடம் என்றாலே பாசிசம் என்று முடிவு கட்டுவதும் தவறு. 1937இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஜெர்மனியின் அரங்கும் சோவியத் யூனியனின் அரங்கும் எதிரெதிரே நின்றன. ஒன்றின் உச்சியில் கழுகு, மற்றதன் உச்சியில் சுத்தியலும் அரிவாளும் ஏந்திய ஆணும் பெண்ணும். பிரம்மாண்டத்தில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. இரண்டுக்கும் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே கண்காட்சியில் ஸ்பெயின் குடியரசின் சிறிய அரங்கில் பிக்காசோவின் 'குவர்னிகா' ஓவியம் இருந்தது. அந்த ஏப்ரல் மாதம் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டு அழித்த ஊரின் பெயர் அது.

நவீன பாணி என்றால் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. நாஜிகளின் நெருக்கடியால் 1933இல் மூடப்பட்ட பாவ்ஹவுஸ் நவீன கலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். அதன் மாணவர் பிரான்ஸ் எர்லிக், கம்யூனிஸ்ட் என்பதால் புகன்வால்டு முகாமில் கைதி. முகாமின் வாசல் கதவுக்கு எழுத்து வடிவமைக்கும்படி அவருக்கு உத்தரவு வந்தது. அவனவனுக்கு உரியது அவனவனுக்கு என்பது அந்த வாசகத்தின் பொருள். உள்ளே நிற்கும் கைதிகள் படிக்கும்படி அது வைக்கப்பட்டது. எர்லிக் அதைப் பாவ்ஹவுஸ் பாணி எழுத்திலேயே செய்தார். காவலர்களுக்கு அது புரியவில்லை. அதே பள்ளியில் படித்த இன்னொருவர் பிரிட்ஸ் எர்ட்டில். அவர் ஆஷ்விட்ஸ் முகாமின் கட்டுமான அலுவலகத்தில் அமர்ந்து வரைபடம் போட்டார். பள்ளி ஒன்று, பாணி ஒன்று. ஒருவர் கைதி, மற்றவர் அதிகாரி.

ஆகவே ஒரு கட்டிடத்தைப் பாசிசக் கட்டிடமாக்குவது தூணோ வளைவோ இல்லை. யாரை வெளியேற்றி இடம் எடுத்தார்கள், யார் முதுகில் கல் வந்தது, உள்ளே நுழைகிறவனை மனிதனாக நினைத்தார்களா, புழுவாக நினைத்தார்களா என்பவைதான்.

எஞ்சிய கட்டிடங்களை என்ன செய்வது?

இதற்கு ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. ரோமின் ஈயூர் பகுதியில் 'சதுரக் கொலோசியம்' என்று அழைக்கப்படும் வெள்ளை மாளிகை 2015 முதல் பென்டி என்ற ஆடம்பர ஆடை நிறுவனத்தின் தலைமையகம். இத்தாலியர்களைக் கவிஞர்கள், கலைஞர்கள், வீரர்கள் என்று புகழும் அதன் நெற்றி வாசகம், 1935 அக்டோபர் 2 அன்று முசோலினி எத்தியோப்பியப் போரை அறிவித்த உரையிலிருந்து எடுத்தது. கீழே படம் எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வடக்கு இத்தாலியின் போல்சானோ நகரம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கே ஓர் அரசுக் கட்டிடத்தின் முகப்பில் குதிரைமேல் முசோலினி இருக்கும் பெரிய புடைப்புச் சிற்பம். நம்பு, கீழ்ப்படி, போரிடு என்ற பாசிசக் கட்டளையும் அதில் உண்டு. 2017இல் அந்தச் சிற்பத்தை உடைக்காமல், அதன் மேலேயே மூன்று மொழிகளில் ஒளிரும் எழுத்துகளைப் பொருத்தினார்கள். கீழ்ப்படிவதற்கு யாருக்கும் உரிமை இல்லை என்ற, ஹன்னா அரெண்டின் சிந்தனையைச் சொல்லும் வாசகம் அது. கல் பேசுகிறது, மக்கள் பதில் சொல்கிறார்கள்.

நியூரம்பர்க்கின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆயிரம் ஆண்டுகள் கழித்து இடிந்தாலும் ரோமானியச் சிதைவுகளைப் போல கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்பது ஸ்பீர் சொன்ன தத்துவம். ஆனால் செப்பெலின் மேடை, செங்கல்லும் கான்கிரீட்டும் கொண்டு கட்டி மேலே சுண்ணாம்புக்கல் ஒட்டிய அவசர வேலை. சில பத்தாண்டுகளிலேயே ஈரம் இறங்கிப் பொடிந்தது. அது மேலும் இடியாமல் காக்க ஏறத்தாழ 8.5 கோடி யூரோ செலவிடும் திட்டம் 2019இல் உறுதியானது. அழகுபடுத்த மாட்டோம், பாடமாக மட்டும் வைத்திருப்போம் என்றது நகர நிர்வாகம். ஆயிரம் ஆண்டுப் பெருமையின் பராமரிப்புச் செலவு இன்றைய ஜெர்மானியர்களின் வரியில் போகிறது!

அந்த மியூனிக் கலை இல்லம்? போருக்குப் பிறகு 'ஜெர்மன்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். இப்போது வெறும் 'கலை இல்லம்'. 1955இல் அங்கே பிக்காசோ கண்காட்சி நடந்தது. ஹிட்லர் தேர்ந்தெடுத்த படங்கள் தொங்கிய அதே கட்டிடத்தில் 'குவர்னிகா' தொங்கியது. பார்த்தவர்களுக்கு ஒரு நிறைவு இருந்திருக்கும். விரட்டிய கலை வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

ஆனால் பிராய்ண்ட்லிக் திரும்பி வரவில்லை. பகானோவும் பான்பியும் திரும்பி வரவில்லை. அந்த 186 படிகளில் விழுந்தவர்களில் பலருடைய பெயர்கூடத் தெரியாது. எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும், ஒரு தலைவர் தன் பெருமைக்காக வானத்தைத் தொடும் ஒன்றைக் கட்டும்போது, அண்ணாந்து பார்த்து உயரத்தை அளப்பது எளிது. ஒரு நிமிடம் குனிந்து, இதை யார் சுமந்தார்கள், இதற்காக யாரை விரட்டினார்கள் என்று கேட்பதுதான் கடினம். அந்தக் கேள்வியை ஜெர்மனியில் நேரத்தில் கேட்டவர்கள் மிகக் குறைவு. அதன் விலையைக் கொடுத்தவர்கள் லட்சக்கணக்கானோர்.